சித்திக்கு நார்வேயில் வேலை கிடைத்திருக்கிறது, அம்மா

என் தங்க அம்மாவுக்கு, மாடிப்படியில் உட்கார்ந்து உன் ஷைனி எழுதுகிறேன். கையில் அப்பாவின் பழைய மொபைல். அதன் வெளிச்சத்தைப் பாவாடைக்குள் மறைத்து வைத்திருக்கிறேன். அப்பா முன்னறையில் தூங்குகிறார். ஜெசி சித்தி என் பாயில் தூங்குகிறாள், என் தலையணை மேல் ஒரு கை போட்டபடி. அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டுத்தான் எழுந்து வந்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. விடிந்தால் ஞாயிறு. பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கப்போகிறார். என் பதிலைப் பொறுத்துத்தான் எல்லாம் என்று மாமா சொல்லிவிட்டார். பத்தாம் வகுப்புப் படிக்கிறவளின் பதிலில் ஏன் எல்லாம் நிற்க வேண்டும்? நீ இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. நீ இல்லாததால்தான் கேள்வி. உனக்குத்தானே எழுத முடியும்?

முதலில் நல்ல சேதி. உன் தங்கச்சிக்கு வேலை கிடைத்திருக்கிறது. நார்வே நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில், கணிதத்துறையில். முனைவர் பட்டம் வாங்கியவர்கள் அடுத்துச் செய்யும் ஆராய்ச்சி வேலை, ரெண்டு வருடத்துக்கு. அந்த நாட்டில் கடல் நிலத்துக்குள் விரல் விரலாக நுழைந்து கிடக்குமாம். நடுவில் நிறையத் தீவுகள். எந்தக் கரையில் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும், எந்தத் துறையில் மீட்புப் படகு நிற்க வேண்டும், எங்கே யாருக்கு ஆபத்து வந்தாலும் சீக்கிரம் போய்ச் சேர என்ன வழி என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் வேலை. சித்தியின் ஆராய்ச்சியும் இந்த மாதிரிதானே, எதை எங்கே வைத்தால் எல்லோருக்கும் கிட்ட இருக்கும் என்பது.

அந்த ஆராய்ச்சிப் புத்தகத்தை நீ கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பீடத்தில் வைத்தது ஞாபகம் இருக்கிறதா? புது வலையையும் புது வள்ளத்தையும் மந்திரிப்பதுபோல இதையும் மந்திரிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். சாமியார் தாராளமாகத் தீர்த்தம் தெளித்ததில் முதல் பக்கத்து மை கரைந்து சித்தியின் பெயர் பாதி அழிந்துபோனது. "அய்யோ அக்கா, இது பல்கலைக்கழகத்துக்குக் குடுக்க வேண்டிய பிரதி" என்று சித்தி தலையில் கைவைத்தாள். "பேருதானே அழிஞ்சுது? கணக்கு அழியல்லல்லா?" என்றாய் நீ.

இந்த வேலைக்கு நேர்முகத் தேர்வு கம்ப்யூட்டரிலேயே நடந்தது. நம் வீட்டில் இன்டர்நெட் டாங்கிள் மாடியில் மட்டும்தான் வேலை செய்யும். அன்றைக்குப் பார்த்துக் கோயில் திருவிழாக் கொடியேற்றம். எதிரே மைதானத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி நேராக நம் மாடியைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தது. சித்தி என்னை மைக்செட் ராஜன் அண்ணனிடம் அனுப்பினாள்.

"அண்ணா, ஒரு மணிக்கூர் பாட்டை நிறுத்துவீங்களா?"

"ஏட்டி, கொடியேத்தின அன்னைக்கு பாட்டை நிறுத்தினா ஊர்க்காரங்க என்னையில்லா கொடிமரத்தில கெட்டுவாங்க!"

"சித்திக்கு வெளிநாட்டு இன்டர்வியூ அண்ணா. கம்ப்யூட்டர்ல பேசுகா."

"எந்தச் சித்தி? கணக்கு டியூசன் எடுக்குத ஜெசி டீச்சரா?" ராஜன் அண்ணன் தலையைச் சொறிந்தார். "நான் பிளஸ் டூ பாஸானது அவங்களாலதானாக்கும். நீ போ."

பாட்டு நின்றது. ஆனால் மனுஷர் சும்மா இருக்கவில்லை. ஊர் தன்னைத் திட்டிவிடுமோ என்று கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மைக்கைப் பிடித்து, "ஜெனரேட்டர் கோளாறு காரணமாக ஒலிபெருக்கி இயங்கவில்லை, ஊர்மக்கள் பொறுத்தருள வேண்டும்" என்று அதே ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்தார். அது நார்வே வரைக்கும் கேட்டது. திரையில் இருந்த நரைத்த தலைக்காரர் என்ன சத்தம் என்று கேட்டார். எங்கள் ஊர்க் கோயில் அறிவிப்பு என்று சித்தி ஆங்கிலத்தில் சொன்னாள், முகம் சிவந்துபோய். நான் இந்தப் படியில் உட்கார்ந்துதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் இன்னொன்று கேட்டார். இந்தக் கணக்கின் மேல் உங்களுக்கு ஏன் ஆர்வம் என்று. எனக்குப் புரிந்த ஆங்கிலம் அது.

நான் காத்திருந்தேன் அம்மா. சித்தி உன்னைச் சொல்லுவாள் என்று. நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்ததை, மாமா போன் பண்ணியதை, ஆம்புலன்ஸ் வண்டி அந்நேரம் பார்த்துத் தக்கலை ரோட்டில் ஒரு விபத்துக்குப் போயிருந்ததை. அது வந்து சேர்ந்தபோது மாமா உன்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கே வந்துவிட்டார், ஆனால் நீ இல்லை. அன்றைக்கு எல்லோரும் யார் யாரையோ திட்டினார்கள். சித்தி மட்டும், "யாரு மேலயும் தப்பில்ல. ஒரு வண்டி, ரெண்டு இடம்" என்றாள். எவ்வளவு கல்நெஞ்சு என்று மாமா வீட்டு அத்தை சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நரைத்த தலைக்காரரிடம் சித்தி உன்னைச் சொல்லவில்லை. கணக்கு அழகாக இருக்கிறது, அதனால்தான் என்றாள். ஏன் அம்மா? சொன்னால் அழுதுவிடுவோம் என்றா? உன்னைக் காட்டி வேலை வாங்கக்கூடாது என்றா? இல்லை, அவளுக்கு நிஜமாகவே கணக்குத்தான் அழகா? இதுவரை கேட்கவில்லை.

வேலை கிடைத்துவிட்டது என்று மெயில் வந்த அன்று சித்தி மாடியிலிருந்து ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தாள். வீட்டில் இனிப்பு ஒன்றும் இல்லை. சீனி டப்பாவைத் திறந்து என் வாயில் ஒரு பிடி போட்டாள், தன் வாயிலும் போட்டுக்கொண்டாள். பேச முடியாமல் ரெண்டு பேரும் மென்றுகொண்டு நின்றோம். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். பதில் எழுதத் திங்கட்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். நாளை மறுநாள்.

இனி மற்றது.

உன் ஆண்டுப் பூசைக்காக அப்பா மஸ்கட்டிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருக்கிறார். வியாழக்கிழமை பூசை நன்றாக நடந்தது. கல்லறையில் பிச்சிப்பூ வைத்தோம். வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு முடித்து, நான் கொல்லைப்புறத்தில் சோறு வடித்த சருவத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது மாமா வந்தார். ஒரு பழத்தை உரித்து என் வாயில் வைத்தார்.

"மக்கா, மாமா ஒண்ணு கேப்பேன். மனசில உள்ளதச் சொல்லணும். சித்தி உன்கூடவே இருக்கணுமா, வேண்டாமா?"

"இருக்கணும்" என்றேன். வேறு என்ன சொல்ல? "எப்பவும்" என்றுகூடச் சேர்த்தேன்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிள்ளை வாயில மாதாவே பேசுகா" என்று முணுமுணுத்தபடி போனார். எதற்கு அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. வெள்ளிக்கிழமை புரிந்தது. சித்தி அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். அக்காள் பிள்ளையைச் சித்தியைவிட யார் பார்ப்பார்கள், ஆண்டுப் பூசையும் கழிந்துவிட்டது, இனி ஊர் ஒன்றும் பேசாது என்றார் மாமா. அப்பாவின் லீவு முடிவதற்குள் மூன்று ஞாயிறும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்துவிடலாம், தடை சொல்ல ஊரில் யாரும் இல்லை என்று கணக்கும் போட்டு வைத்திருந்தார். பிள்ளையிடம் நேரில் கேட்ட பிறகுதான் ஓலை வாசிப்பேன் என்று சாமியார் சொல்லிவிட்டதால்தான் நாளைய கேள்வி.

முன்னறையில் மாமா, அப்பா, சித்தி. நான் கதவோரம்.

"பிள்ளையே சொல்லியாச்சு. இனி நாம என்னத்தப் பேச?" என்றார் மாமா.

"அண்ணா, எனக்கு அங்க வேலை கிடைச்சிருக்கு" என்றாள் சித்தி.

"டாக்டர் பட்டம் வாங்கியாச்சுல்லா? பொறவும் எதுக்குட்டி படிப்பு?"

"படிப்பு இல்ல அண்ணா. பட்டம் வாங்கினவங்க செய்யுத ஆராய்ச்சி. வேலையாக்கும். சம்பளம் உண்டு."

"எத்தன வருசம்?"

"ரெண்டு."

"பொறவு?"

"தெரியாது. வேற இடம் தேடணும்."

"நல்லா இருக்கு! ரெண்டு வருசம் கழிஞ்சு என்னன்னே தெரியாத வேலைக்கு ஒருத்தி கடல் தாண்டிப் போவாளா?"

அப்பா தரையைப் பார்த்தபடி பேசினார். "நானும் ரெண்டு வருச விசாவிலதான் போனேன் மச்சான்."

"நீரு ஆம்பிளையில்லா ஓய்!" என்றார் மாமா.

மாமா கெட்டவர் இல்லை அம்மா, உனக்குத் தெரியும். உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்றிலிருந்து அவருக்கு முதுகு நேராகவில்லை. சித்தி போய்விட்டால் நான் நாகர்கோவிலில் கன்னியாஸ்திரிகள் ஹாஸ்டலில் கிடக்க வேண்டும், சித்தி யாரும் இல்லாத ஊரில் பனியில் கிடக்க வேண்டும், ரெண்டையும் நினைத்தால் அவருக்குத் தூக்கம் வரவில்லையாம்.

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீயா சொன்ன மக்கா?"

நான் தலையாட்டினேன். சொன்னது நான்தானே.

"சரி" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய் உலையில் அரிசி போட்டாள்.

அந்தச் 'சரி'யை நான் அப்புறம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எந்தச் சரி அது? மடிக்கணினிக்குத் தலையணை உறையைப் போட்டு மூடி அலமாரி மேல் வைத்துவிட்டாள். அன்றைக்கு மீன்குழம்பில் புளி விட மறந்தாள். யாரும் சொல்லவில்லை. அப்பா இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அப்பா சித்தியை எப்போதும் பெற்ற மகளைப்போல 'மோளே' என்றுதானே கூப்பிடுவார்? உன் கல்யாணத்தில் அவள் என்னைவிடச் சின்னவளாக இருந்தாளாம், அன்றிலிருந்து அப்படித்தான் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது தண்ணீர் கேட்க "மோ…" என்று தொடங்கினார். நின்றுவிட்டார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தட்டைப் பார்த்தார். "இந்தா… தண்ணி" என்றார், சுவரிடம் சொல்வதுபோல. சித்தியும் சுவரைப் பார்த்துக்கொண்டே செம்பை வைத்தாள்.

இன்று அப்பா என்னைக் கோட்டாறுக்குக் கூட்டிப்போனார். சித்திக்கு ஒரு சேலை எடுக்கச் சொல்லியிருந்தார் மாமா. கடைக்காரர், "யாருக்கு எடுக்கிய?" என்று கேட்டார். நான்தான் "சித்திக்கு" என்றேன். "என்ன கலர்?" என்றார் கடைக்காரர். அப்பா என்னைப் பார்த்தார். கடைக்காரர் பாவம், விரித்துக்கொண்டே இருந்தார். அப்பா ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு விட்டார். கடைசியில் ஒன்றும் எடுக்காமல் வெளியே வந்து சாயாக்கடையில் உட்கார்ந்தோம்.

"மக்கா, உங்க சித்தி சாயா குடிப்பாளா, காப்பியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே பயம் வந்தது. "சாயா. சீனி போடாம."

"ஓ" என்றார். "உங்கம்மைக்குச் சீனி கூடுதல் வேணும்." பஸ் ஒன்று போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "நான் அங்க கிடக்கேன். உனக்கு இங்க ஒரு ஆளு வேணும்லா மக்கா" என்றார்.

"உங்களுக்குப்பா?"

"எனக்கென்ன" என்றார். சாயாவை ஆற்றினார், ஆறிய பின்னும் ஆற்றினார்.

சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. சித்தியும் நானும் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"சித்தி, உங்களுக்குப் போகணுமா?"

"மழை வருகு. அந்தப் போர்வையை எடு."

"சொல்லுங்க சித்தி."

"நீ கேக்கப்படாது மக்கா. நீ கேட்டா நான் பொய்தான் சொல்லுவேன்."

எது பொய்யாக இருக்கும் அம்மா? போக வேண்டும் என்பதா, போக வேண்டாம் என்பதா? போர்வையின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான் பிடித்தேன், மடித்துக்கொண்டே கிட்டே வந்தோம். அவள் என் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு கீழே போய்விட்டாள்.

ஒருவேளை சித்திக்கு அப்பாவைப் பிடித்திருந்தால்? ஒருவேளை அந்தப் பனியையும் இருட்டையும் நினைத்து அவளே பயந்து, என் பதில் நல்ல சாக்கு என்று நினைத்திருந்தால்? நான் ஏதாவது சொல்லி அதையும் கெடுத்துவிட்டால்? இப்படி நினைக்க ஆரம்பித்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. அவள் போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னிவிடுவார்கள்? ஹாஸ்டலில் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது? இதையும் நினைக்கிறேன், மறைக்கவில்லை. நாளை நான் மறுபடியும் 'ஆமாம்' என்றால் அவள் கை எப்போதும் என் தலையணை மேல்தான். எனக்கு அது வேண்டும். ரொம்ப வேண்டும்.

ஆனால் ஒன்று நடுவில் வந்து வந்து நிற்கிறது. உன் முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு, நான் யாரிடமும் பேசாமல் இருந்தேன். சித்தி என்னை வட்டக்கோட்டைக்குக் கூட்டிப்போனாள். மதில் மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சுற்றிலும் வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் கேட்டேன், நம் வீட்டு வாசலிலேயே ஒரு ஆம்புலன்ஸ் நின்றிருந்தால் நீ செத்திருக்க மாட்டாய் அல்லவா என்று.

"ஆமா" என்றாள் சித்தி. "ஆனா பக்கத்து வீட்டில இருந்து கூப்பிட்டா அந்த வண்டி போகணுமா, வேண்டாமா?"

"போகப்படாது. நமக்கு வேணும்லா."

"போகப்படாதுன்னா பொறவு அது வண்டி இல்ல மக்கா. சக்கரம் வச்ச கட்டிலு."

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. அம்மாவே போன பிறகு இவள் பக்கத்து வீட்டுக் கணக்குப் பேசுகிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்போது கோபம் இல்லை. ஆண்டுப் பூசை அன்று, வாயில் பழத்தோடு, நான் சித்தியை நம் வாசலில் நிறுத்திவிட்டேன் அம்மா. சாவியையும் பிடுங்கிவிட்டேன். மாமா கேட்டது கல்யாணத்தைப் பற்றி என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்று 'ஆமாம்' என்றுதான் சொல்லியிருப்பேனோ? அதுவும் தெரியவில்லை.

நாளை சாமியார் எப்படிக் கேட்பார்? மாமா கேட்ட மாதிரியே, சித்தி உன்கூட இருக்கணுமா என்று கேட்டால், நான் 'இருக்கணும்' என்றுதான் சொல்ல முடியும். கோயிலில் பொய் சொல்ல முடியாது. அதோடு நிறுத்தாமல் அவர் கேட்காததையும் சொல்ல வேண்டும். இந்தப் படியில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். "சித்தி என்கூட இருக்கணும்னு எனக்கு ஆசைதான் சாமி. ஆனா அதுக்காகக் கல்யாணம் பண்ணணும்னு நான் சொல்லல்ல. சித்தி எனக்குச் சித்தியா இருந்தா போதும். எங்க இருந்தாலும்." 'எங்க இருந்தாலும்' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் குரல் உடைகிறது.

அப்பாவுக்கும் சித்திக்கும் வேறு எண்ணம் இருந்தால் அவர்களே வாய் திறந்து சொல்லட்டும். என் பெயரைச் சொல்லி அவர்கள் ஒளிந்துகொள்ள வேண்டாம். நான் கொடுத்த 'ஆமாம்' ஒன்றை மட்டும் நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதைக் கேட்டுச் சித்தி சந்தோஷப்பட்டால் எனக்கு வலிக்கும். சந்தோஷப்படாவிட்டால் அதைவிடப் பயம். எது நடந்தாலும் திங்கட்கிழமை அந்த மெயிலுக்கு அவள் எழுதும் பதிலில் என் பெயர் இருக்கக்கூடாது. உன் பெயரைச் சொல்லி வேலை கேட்காதவள், என் பெயரைச் சொல்லி வேலையை விடக்கூடாது.

உள்ளே பாய் அசையும் சத்தம் கேட்கிறது. சித்தி கை தலையணையைத் தடவிப் பார்க்கிறது போல. நான் போக வேண்டும்.

பூசையில் வாசகம் வாசிக்க என்னை நிறுத்தினால் எனக்குச் சத்தமே வராது. நீ முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணால் அதட்டுவாய். இறங்கி வந்ததும் முழங்கையில் கிள்ளி, "கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும் மக்கா" என்பாய். நாளை முன்வரிசையில் மாமாதான் இருப்பார். ஆனாலும் உனக்கு வாக்குத் தருகிறேன் அம்மா. நீ கிள்ளாமலே, கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்வேன்.

உன் மகள்,
ஜெசி சித்திக்கு என்றைக்கும் அக்கா மகள்,
ஷைனி